துண்டுக்குள் போன சிவப்பு வண்டி

கிட்ட வந்து உட்காருங்க. பழைய வண்டிக்கு விலை சொல்வது சத்தம் போட்டுச் செய்கிற தொழில் இல்லை.

நான் சொல்லும் விலை விற்கிறவருக்கு எப்போதும் குறைச்சல், வாங்குகிறவருக்கு எப்போதும் ஜாஸ்தி. இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினால், சொன்ன விலை ஏறக்குறைய சரிதான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன். நீங்களும் ஒரு வண்டியை விற்றிருப்பீர்கள், இல்லை வாங்கிவிட்டு முழித்திருப்பீர்கள். அதனால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

மரக்காணத்தில் ஈ.சி.ஆர். ரோட்டோரம் என் பட்டறை. அப்பா மாட்டுத் தரகர். எனக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. வண்டித் தகட்டில் ஒடுக்கு எடுக்கிற டிங்கர் வேலைக்குப் போனேன், முட்டி தேய்ந்த பிறகு வண்டி பார்த்து விலை சொல்கிறவனாக உட்கார்ந்துவிட்டேன். அப்பா தொழிலில் எனக்கு மிஞ்சியது தோளில் கிடக்கிற துண்டு ஒன்றுதான்.

கீழே படுப்பவன்

இந்தக் கரையில் வண்டியை மேலே பார்த்து விலை சொல்ல முடியாது. உப்பளத்துக் காற்று வண்டியைக் கீழிருந்துதான் தின்னும். அதனால் சாக்கை விரித்து அடியில் படுத்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போவேன். நல்ல தகடு ‘ணங்’ என்று பதில் சொல்லும். உப்பு தின்ற தகடு ‘பொத்’ என்று சொல்லிவிட்டு அடங்கிவிடும். பட்டி பூசிப் பெயிண்ட் அடித்து மறைத்த இடத்துக்கு வாயே இருக்காது.

பொம்மையார்பாளையத்தில் விடுதி நடத்துகிற ஒருத்தர் தன் காரை விற்பதற்காக என்னைக் கூப்பிட்டார். வண்டி கண்ணாடி மாதிரி பளபளத்தது. உள்ளே கால்மிதியைத் தூக்கினேன், அடியில் ப்ளைவுட் பலகை. பலகையைத் தூக்கினேன், தரை தெரிந்தது. கீழே ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது. “என்னங்க இது?” என்று கேட்டேன். மனுஷன் கொஞ்சமும் அசரவில்லை. “மேல உக்காந்து போறவங்கதான் ஜாஸ்தி பெரியவரே. கீழ படுத்துப் பாக்கறது நீங்க ஒருத்தர்தான்.”

மல்லிகா கேட்டது

அவர் சொன்னதற்குச் சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் தனசேகரின் வண்டிக்கு அடியில் படுத்தபோது அந்தச் சிரிப்பு வரவில்லை.

தனசேகர் உப்பளக்காரர் வீட்டுப் பிள்ளை. ராமலிங்கம் அண்ணன், இவன் தம்பி. பாகம் பிரித்தபோது இவன் தன் பங்குக்கு வந்த உப்புப் பாத்திகளை அண்ணனுக்கே விலைக்குக் கொடுத்துவிட்டான். அந்தக் காசை எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போய், ஒரு பழைய பங்களாவின் பின்பக்கம் கிடந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்தான். சீமை வண்டி. இரண்டு பேர்தான் உட்காரலாம். சக்கரமெல்லாம் கம்பி, கூரை துணி, மூக்கு மட்டும் அவ்வளவு நீளம். கட்டி இழுத்துக்கொண்டு வந்தபோது ஊரே நின்று சிரித்தது. அவன் உப்பு லாரி ஓட்டிப் பிழைத்துக்கொண்டு, மிச்ச நேரமெல்லாம் அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினான். ஓடவும் வைத்தான். வீட்டுக்காரியைப் பக்கத்தில் உட்கார வைத்து, கூரையைத் திறந்துவிட்டு, புதுச்சேரி வரைக்கும் போய் வந்தான். கொஞ்ச நாளில் மார்வலி என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்த ஈரம் காய்வதற்குள் ராமலிங்கம் டீக்கடையில் பேச ஆரம்பித்துவிட்டார். “அப்பன் பாடுபட்ட பாத்தியைக் கொண்டுபோயி துருப்பிடிச்ச இரும்புல போட்டான். நல்லா ஏமாந்தான்.” தனசேகர் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்தால் முதலில் உட்காருவது அதே டீக்கடையில்தான்.

தனசேகர் பெண்டாட்டி மல்லிகா என் பட்டறைக்கு வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. “வண்டியை விக்கணும் பெரியப்பா. நியாயமான விலை என்னன்னு பாத்துச் சொல்லுங்க” என்றாள். “கல்யாணச் செலவுக்காம்மா?” என்று கேட்டேன். “காசு ரெண்டாவது பெரியப்பா. எம் பொண்ணு மணையில உக்காரும்போது அவ அப்பனை ஏமாந்தவன்னு யாரும் சொல்லக்கூடாது. அந்த வண்டி என்ன விலைக்குப் போவுதோ, அதை வச்சுத்தான் சொல்லுவாங்க.”

காய்ந்த இடம்

வண்டி அவர்கள் குடும்பத்து உப்புக் கொட்டாயில் நின்றது. வாரின உப்பை மூட்டை கட்டி அடுக்கி வைக்கிற கொட்டாய் அது. மூட்டைகளுக்கு நடுவில் வழிவிட்டு, வண்டிக்கு மேல் தனசேகர் பழைய போர்வையைப் போர்த்தியிருந்தான். போர்வையை எடுத்தேன். ஒரு கீறல் கிடையாது. விளக்கு வளையத்தில் என் முகம் தெரிந்தது.

சாக்கை விரித்துப் படுத்தேன். தட்டினேன். பொத். நகர்ந்து தட்டினேன். பொத். அடிச்சட்டம் ஓடுகிற இடத்தில் விரலால் அழுத்தினேன், பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கிக் கண்ணில் விழுந்தது. வெளியே மல்லிகாவின் கால் இரண்டும் அசையாமல் நின்றது தெரிந்தது.

என்ன நடந்தது என்று எனக்கு விளங்கிவிட்டது. வெயில் காலத்தில் உப்புக் கொட்டாய் மாதிரி காய்ந்த இடம் ஊரில் கிடையாது, எங்கள் ஆளுங்க யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் ஐப்பசி மழை பிடித்துவிட்டால், அதே உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துத் தரையில் கசிய விடும். வேறு ஊர்க்காரன் எவனும் உப்புக்குப் பக்கத்தில் காரை நிறுத்தமாட்டான், பயப்படுவான். உப்பிலேயே பிறந்து வளர்ந்தவனுக்குத்தான் அந்தப் பயம் இருக்காது. தனசேகர் மேலே தூசு படாமல் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறான். கீழே அது கரைந்துகொண்டே இருந்திருக்கிறது.

எழுந்து வந்து உள்ளதைச் சொன்னேன். அவன் போட்டதில் பாதிகூட வராது என்றேன். அவள் அழவில்லை. போர்வையை எடுத்து, தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி, ஓரத்தை இழுத்து இழுத்துவிட்டுப் போர்த்தினாள். பிறகு சொன்னாள்: “ரோட்டோரம் ஷெட்டு போட அவரு இடம் கேட்டப்ப, ‘உப்புக் கொட்டாயை விடக் காஞ்ச இடம் ஊர்ல ஏதுடா’ன்னு சொன்னது அவங்க அண்ணன்தான் பெரியப்பா. நல்ல மனசோடதான் சொன்னாரு.”

எடைக்குக் கேட்டவர்

ராமலிங்கம் சும்மா இருக்கவில்லை. பழைய இரும்பு வியாபாரி ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு கொட்டாய்க்கே வந்துவிட்டார். தம்பி பெண்டாட்டிக்கு உதவி செய்கிற மாதிரி ஒரு முகம். “விலைன்னு ஒண்ணு வெளிய வந்துட்டா எல்லாருக்கும் சந்தேகம் தீந்துடும் பாரு” என்றார்.

வியாபாரி கெட்டவர் இல்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், பின்பக்கத்தைக் கையால் தூக்கி ஆட்டிப் பார்த்தார், ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகைக்கு ஒரு நல்ல பழைய பைக் கூட வராது. எனக்குப் பொறுக்கவில்லை. “ஏம்பா, அந்தச் சக்கரத்தைப் பாரு, அந்த மூக்கோட வளைவைப் பாரு. இந்தக் கரையில இது மாதிரி இன்னொண்ணு இருக்குதா?” என்று கேட்டேன். அவரும் மரியாதைக்காக ஒரு தடவை பார்த்தார். “தராசுல ஏத்திட்டா எல்லா வண்டியும் ஒண்ணுதான் பெரியவரே. செவப்புக்குன்னு தனி ரேட்டு கெடையாது.”

நின்றால் போதும்

சில ஞாயிற்றுக்கிழமை எங்கள் உப்பளத்தில் உப்பு வாருகிறவர்களைவிடப் போட்டோ பிடிக்கிறவர்கள் ஜாஸ்தி. கல்யாணத்துக்கு முன்னாலேயே ஜோடியைக் கூட்டி வந்து, வரப்பில் நிற்க வைத்து, பாத்தித் தண்ணீரில் வானம் தெரிகிற மாதிரி எடுக்கிறார்கள். அப்படி வந்த ஒரு போட்டோக்காரத் தம்பி வண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு ஓடி வந்தான். பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“அக்கா, விக்கவே வேணாம். மாசாமாசம் வாடகை தர்றேன். பாத்திக்கு நடுவுல மேடு கட்டி நிறுத்திடலாம். ஓடவே வேணாம், நின்னா போதும்.” மழை வந்தால் என்ன செய்வாய் என்று நான் கேட்டேன். “வரட்டும் தாத்தா, துரு ஏற ஏற லுக்கு ஏறும்” என்றான். ஆசையாகத்தான் சொன்னான், பொய் இல்லை. மாசம் பிறந்தால் வருகிற காசு. மல்லிகா வேண்டாம் என்று சொல்லமாட்டாள் என்றுதான் நினைத்தேன். “எங்க வூட்டுக்காரரு இதை ஓட்டறதுக்கு வாங்கினாரு தம்பி. நிக்கறதுக்குன்னா ஒரு சுவரு கட்டியிருப்பாரு” என்றாள்.

கோட்டக்குப்பம் பாய்

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை, எனக்கே என் விலையின் மேல் முழு நம்பிக்கை இல்லை. ஊரில் ஓடுகிற கார் என்றால், அதே மாதிரி வண்டி பக்கத்து ஊரில் என்ன விலைக்குப் போனது என்று விசாரித்தால் போதும். இதற்கு ஜோடியே கிடையாதே, யாரை விசாரிப்பது? கடைசியில் கோட்டக்குப்பத்துக்குப் போய்க் கரீம் பாயைக் கூட்டி வந்தேன். வளைகுடா நாட்டில் ஒரு பெரிய மனிதர் வீட்டில், வரிசையாக நிறுத்தியிருந்த பழைய வண்டிகளைப் பராமரித்துத் தலை நரைத்தவர்.

பாய் மூடியைத் தூக்கியதும் “யா அல்லாஹ்” என்று சிரித்துவிட்டார். உள்ளே இருந்தது அந்த வண்டியின் இன்ஜினே இல்லை. நம் ஊர் பழைய டாக்ஸியின் இன்ஜின். இந்த மாதிரி வண்டியில் கம்பெனியிலேயே போட்ட இன்ஜின் இருந்தால் ஒரு விலை, மாறிப்போயிருந்தால் வேறு விலையாம். இரண்டு பேரும் உப்பு மூட்டை மேல் உட்கார்ந்தோம். என்ன நல்லா இருக்கிறது, என்ன இல்லை, இல்லாததைத் தேடிக் கொண்டுவர என்ன ஆகும், இவ்வளவுக்கும் பிறகு இதன் மேல் ஆசைப்படுகிற ஒருத்தர் எவ்வளவு வரைக்கும் வருவார் என்று பேசிப் பேசி விலையைக் கழித்தோம். நான் சொன்னதற்குக் கொஞ்சம் கீழேயே வந்து நின்றது.

“அப்ப ஏமாந்துட்டானா பாய்?” என்று கேட்டேன். பாய் மூடிக்குள் கையை விட்டார். ஒயரெல்லாம் ஜோடி ஜோடியாகச் சேர்த்து, மெழுகு பூசின நூலால் கட்டியிருந்தது. ஒவ்வொரு முடிச்சும் ஒரே பக்கம் பார்த்திருந்தது. பூக்கட்டுகிற மாதிரி வேலை. அதைத் தடவிக்கொண்டே சொன்னார்: “ஏமாந்தவன் வேலை இப்படி இருக்காதுங்க. என்ன இன்ஜின்னு தெரிஞ்சேதான் வாங்கியிருக்கான். ஆனா இதை டீக்கடையில போயி யாருக்குப் புரிய வைப்பீங்க?”

டாக்டரம்மா

கரீம் பாய்தான் வண்டியைச் சுத்தம் செய்து, உயிர் கொடுத்து, போட்டோ எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். பார்த்துவிட்டு ஒரு அம்மா வந்தார். குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர். நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தார். நான் சாக்கை விரித்ததும், “கொஞ்சம் தள்ளிக்கோங்க ஐயா” என்று என் ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டு அவரே கீழே போய்விட்டார். தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் காதைக் கொடுத்துக்கொண்டே நின்றேன். அவர் தட்டாமல் விட்ட இடம் எதுவும் இல்லை. வெளியே வந்தபோது முகம் தெளிவாகத்தான் இருந்தது.

பிறகு வண்டியை எடுத்து உப்பளத்து மண் ரோட்டில் ஓட்டினார். தனசேகர் போன பிறகு அந்தச் சத்தம் அப்போதுதான் ஊருக்குக் கேட்டது. உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் பலகையைப் போட்டுவிட்டு வரப்பு மேல் ஏறி நின்றார்கள். மல்லிகா கொட்டாய் வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வண்டி திரும்பி வருவதற்குள் நல்ல கூட்டம். ராமலிங்கம் முன்னால் வந்து நின்றார். அங்காளி பங்காளி எல்லாரையும் கூட்டி வந்திருந்தார். “இவ்வளவு பேரு இருக்கறோம். விலையை நீயே சத்தமாச் சொல்லுப்பா. என் தம்பி போட்டது எவ்வளவுன்னு ஊருக்குத் தெரியும். வர்றது எவ்வளவுன்னும் தெரியட்டும்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். ஏற்றிச் சொன்னால் அந்த டாக்டரம்மா திரும்பிப் போய்விடுவார், என் சொல்லுக்கும் அன்றோடு மதிப்பில்லை. உள்ளதைச் சொன்னால் தனசேகர் இரண்டாவது தடவை சாவான். அப்போது மல்லிகா தூணை விட்டு இறங்கி வந்தாள். “பெரியப்பா, உங்க தோள்ல கெடக்கற துண்டைக் குடுங்க.”

துண்டுக்குள்

மாட்டுச் சந்தை பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே விலையை வாயால் பேசமாட்டார்கள். விற்கிறவர் கை, வாங்குகிறவர் கை, இரண்டுக்கும் மேல் ஒரு துண்டு. உள்ளே விரலைப் பிடித்தால் விலை. ஒரு விரலுக்கு எவ்வளவு என்பது அந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். சுற்றி நிற்கிறவர்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கலாம். மல்லிகா அப்பா வீட்டில் மாடு நிறைய, சின்ன வயதில் இதைப் பார்த்து வளர்ந்திருக்கிறாள். எனக்குத்தான் என் தோளில் கிடந்தது ஞாபகம் வரவில்லை.

நடுவில் நிற்கப் போனேன். “நீங்களும் தள்ளி நில்லுங்க பெரியப்பா” என்றாள். டாக்டரம்மா காதில் என்னமோ சொன்னாள். அவர் முதலில் சிரித்தார், பிறகு ராமலிங்கத்தைப் பார்த்தார், சிரிப்பை விட்டுவிட்டுக் கையை உள்ளே விட்டார். இரண்டு பெண்கள் துண்டுக்குள் கைவிட்டு நின்றதை எங்கள் அப்பாகூடப் பார்த்திருக்கமாட்டார். துண்டு அசைந்தது. டாக்டரம்மா புருவம் ஏறியது. மல்லிகா இல்லை என்று தலையாட்டினாள். திரும்ப அசைந்தது. ராமலிங்கம் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார், துணிதான் தெரிந்தது. அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினார்கள். மல்லிகா துண்டை நாலாக மடித்து என் தோளில் வைத்தாள். பணம் போன் வழியாகவே அவள் கணக்குக்குப் போய்விட்டது. டீக்கடையில் பணம் வந்ததும் பேசுகிற பெட்டி மாதிரி அவள் போன் தொகையைக் கத்திச் சொல்லவும் இல்லை.

“எவ்வளவும்மா?” என்று ராமலிங்கம் கேட்டே விட்டார். “நியாயமான விலைங்க மாமா” என்றாள் அவள். அதோடு சரி.

மூடி வைத்த விலை ஊருக்குள் தானாக ஏற ஆரம்பித்தது. வெளியே சொல்லப் பயப்படுகிற அளவுக்கு வந்திருக்கிறது என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்தபோது டீக்கடையில் நானும் இருந்தேன். ராமலிங்கம்தான் பேசினார். வெளியாள் வந்து கேட்கும்போது, தம்பியை விட்டுக்கொடுத்தால் தனக்கும் குறைச்சல் என்று பட்டிருக்கவேண்டும். ஆனாலும் சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. “பேப்பர்ல வர்ற வண்டிங்க அது. எந் தம்பி ஒருத்தன் கண்ணுலதான் பட்டுச்சு.”

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. விலையைத் தெரிந்துகொள்ள நானும் என் பங்குக்கு ஒரு வழி வைத்திருந்தேன், நூற்றுக்கு இரண்டு என்கிற வழக்கத்தில் எனக்குத் தரகு வந்தால் அதிலிருந்து கணக்கைத் திருப்பிப் போட்டு விலையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று, ஆனால் தரகு என்று மல்லிகா கொடுத்தனுப்பியது தனசேகரின் ஸ்பானர் பெட்டியும், ஒரு மூட்டை உப்பும், ஒரு புதுத் துண்டும்.